தோல் புற்றுச்செல்கள் பேசும் மொழி: சைட்டோகைன்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெலனோமா என்னும் தோல் புற்று உறுதியாகி, அடுத்தது இம்யூனோதெரபி, அதாவது நோயெதிர்ப்பு மண்டலத்தைக் கொண்டே புற்றைத் தாக்கும் சிகிச்சை, என்று மருத்துவர் சொன்ன அன்றைக்கு, வீட்டில் யாராவது ஒருவர் இரவெல்லாம் உட்கார்ந்து தேடுவார். இன்டர்லியூக்கின், இன்டர்ஃபெரான், பிடி-எல்1 என்று பெயர்கள் வரிசையாக வந்து மிரட்டும். ஒரே பொருளை ஒரு கட்டுரை மருந்து என்று சொல்லும். இன்னொரு கட்டுரை அதுதான் நோயை வளர்க்கிறது என்று சொல்லும். இரண்டுமே உண்மை. அது எப்படி என்று புரிந்துவிட்டால் மிச்சக் குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும் என்பதால், அதைச் சுற்றியே இந்தப் பதில்களை எழுதியிருக்கிறேன்.

சைட்டோகைன் என்றால் என்ன? அதுவும் ஹார்மோன்தானா?

நெருங்கிய உறவு. செல்கள் ஒன்றோடொன்று தகவல் சொல்லிக்கொள்ளச் சுரக்கும் சிறு புரதங்களுக்குச் சைட்டோகைன் என்று பெயர். ஹார்மோன் ரத்தத்தில் கலந்து தூரத்து உறுப்பைத் தேடிப் போகும். சைட்டோகைன் பெரும்பாலும் திண்ணைப் பேச்சு: பக்கத்தில் இருக்கும் செல்லுக்குத்தான் கேட்கும். சில நேரம் சுரந்த செல்லே அதைக் கேட்டு நடந்துகொள்ளும். அளவு மிகமிகக் குறைவு. ரத்தத்தில் இவற்றைப் பிக்கோகிராமில் அளக்கிறார்கள். ஒரு பிக்கோகிராம் என்பது ஒரு கிராமின் லட்சம் கோடியில் ஒரு பங்கு.

இந்தக் குடும்பத்தில் முதலில் பெயர் பெற்றவற்றில் ஒன்று இன்டர்ஃபெரான். 1957இல் அலிக் ஐசக்ஸும் ஜான் லிண்டென்மனும் அதைக் கண்டறிந்தார்கள். பிறகு இன்டர்லியூக்கின்கள் வந்தன. ஆள் கூப்பிடுவதையே வேலையாகக் கொண்ட கீமோகைன்கள் வந்தன. மனித உடலில் அவை மட்டும் ஏறத்தாழ 50 இருக்கின்றன.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சைட்டோகைனுக்குத் தனியாக எந்த அர்த்தமும் கிடையாது. அதைக் கேட்கும் செல்லில் அதற்குரிய ஏற்பி, அதாவது அந்தப் பொருள் வந்து ஒட்டும் புரதம், இருக்க வேண்டும். அந்தச் செல் எது, எந்த நிலையில் இருக்கிறது, செய்தி ஒரு மணி நேரம் வந்ததா ஒரு வருடமாக வந்துகொண்டே இருக்கிறதா என்பதைப் பொறுத்து விளைவு மாறும். இனி வரும் பதில்கள் எல்லாவற்றிலும் இது திரும்பத் திரும்ப வரும்.

தோல் புற்றில் எந்த வகையைப் பற்றிச் சொல்கிறீர்கள்?

பெரும்பாலும் மெலனோமாவைப் பற்றி. தோலுக்கு நிறம் தரும் மெலனோசைட் செல்களில் தொடங்குவது அது. தோல் புற்றுகளில் எண்ணிக்கையில் குறைவு, உயிரிழப்பில் முன்னே நிற்பது. மேல்தோலின் கெரட்டினோசைட் வழி வரும் அடித்தளச்செல் புற்றும் செதிள்செல் புற்றும் மிக அதிகம் பேருக்கு வருகின்றன. அவையும் சைட்டோகைன்களைச் சுரக்கின்றன. ஆனாலும் ஆராய்ச்சிக் கூடங்களில் நாற்பது ஐம்பது ஆண்டுகளாக மெலனோமா செல்களைத்தான் அதிகம் வளர்த்துப் பார்த்திருக்கிறார்கள்.

நோயெதிர்ப்பு மண்டலத்தைக் கூப்பிடும் பொருளைப் புற்றுச்செல்லே ஏன் சுரக்கிறது? தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது ஆகாதா?

அதிகம் வரும் கேள்வி இதுதான். எனக்கு மிகப் பிடித்த கேள்வியும் இதுதான்.

முதலில் புற்றை மறந்துவிட்டுச் சாதாரணப் புண்ணைப் பார்ப்போம். முழங்கை சிராய்த்துவிட்டது. அடிபட்ட கெரட்டினோசைட்டுகள் தங்களுக்குள் ஏற்கெனவே தயாராக வைத்திருக்கும் இன்டர்லியூக்கின்-1 ஆல்பாவை வெளியே கொட்டுகின்றன. அதைக் கேட்டுச் சுற்றியுள்ள செல்கள் இன்டர்லியூக்கின்-8, இன்டர்லியூக்கின்-6 போன்றவற்றைச் சுரக்கின்றன. நியூட்ரோஃபில் என்னும் வெள்ளை அணுக்கள் ஓடி வருகின்றன. இடம் சிவந்து வீங்குகிறது. இரண்டு மூன்று நாளில் செய்தி மாறுகிறது: சண்டை போதும், இனிக் கட்ட வேண்டும். டிஜிஎஃப்-பீட்டா வருகிறது, புது ரத்தக் குழாய்களை முளைக்க வைக்கும் விஇஜிஎஃப் வருகிறது, எதிரிச் செல்களைத் தேடித் தாக்கும் வெள்ளை அணுக்களான டி செல்களை அடங்கச் சொல்லும் இன்டர்லியூக்கின்-10 வருகிறது. செல்கள் பெருகிப் புண்ணை மூடுகின்றன. பிறகு எல்லாம் ஓய்கிறது.

தோல் புற்றுச்செல் புதிதாக எந்த மொழியையும் கண்டுபிடிக்கவில்லை. புண் ஆற்றுவதற்காகத் தோல் வைத்திருக்கும் அதே மொழியைத்தான் பேசுகிறது, ஆனால் நிறுத்தாமல் பேசுகிறது. ரத்தக் குழாய் வேண்டும், செல் பெருக வேண்டும், டி செல் அமைதியாக இருக்க வேண்டும். ஆறும் புண்ணுக்கு வேண்டியது எல்லாம் கட்டிக்கும் வேண்டும். நோயியல் அறிஞர் ஹரோல்ட் ட்வோராக் 1986இல் புற்றுக்கட்டிகளை ஆறாத புண்கள் என்று வருணித்தார். இத்தனை ஆண்டு கழித்தும் அதைவிடச் சுருக்கமான விளக்கத்தை நான் பார்க்கவில்லை.

ஆகவே கட்டி அழைத்து வருவது பெரும்பாலும் தன்னைக் கொல்ல வரும் படையை அல்ல, கொத்தனார்களையும் காவலாட்களையும்தான். வந்த இடத்தில் அவர்கள் கட்டிக்கு வீடு கட்டிக் கொடுக்கிறார்கள்.

எந்தெந்தச் சைட்டோகைன்களை மெலனோமா செல்கள் சுரக்கின்றன?

முழுப் பட்டியல் நீளம். நன்றாக ஆராயப்பட்டவற்றை மட்டும் சொல்கிறேன்.

இன்டர்லியூக்கின்-8 முதலில் வர வேண்டியது. மெலனோமா செல்கள் இதைத் தாராளமாகச் சுரக்கும். புற ஊதா பி கதிர் பட்டால் இன்னும் கூடும். இது மூன்று வேலை செய்கிறது. நியூட்ரோஃபில்களை இழுக்கிறது, ரத்தக் குழாய்களை முளைக்க வைக்கிறது, மெலனோமா செல்லின் மேலேயே இருக்கும் ஏற்பியில் ஒட்டி அதைப் பெருகவும் நகரவும் தூண்டுகிறது. இங்கே ஒரு தகவல்: ஆய்வகங்களில் எங்கும் பயன்படும் சுண்டெலிக்கு இன்டர்லியூக்கின்-8 மரபணுவே கிடையாது. அதன் உறவுக்கார கீமோகைன்கள்தான் அதில் அந்த வேலையைச் செய்கின்றன. அதனால் எலியில் பார்த்ததை அப்படியே மனிதருக்குப் பொருத்துவதில் இந்தப் பொருளைப் பொறுத்தவரை கூடுதல் கவனம் தேவை.

அப்படிப்பட்ட உறவுக்காரர்களில் ஒன்று இன்று சிஎக்ஸ்சிஎல்1 எனப்படுகிறது. அது கண்டறியப்பட்ட விதமே பாடம். 1980களில் ஆன் ரிச்மண்ட் குழுவினர், மெலனோமா செல்கள் வளர்ந்த திரவத்தில் அதே செல்களை மேலும் வளர வைக்கும் ஏதோ ஒன்று இருப்பதைப் பார்த்து அதைப் பிரித்தெடுத்தார்கள். மெலனோமா வளர்ச்சித் தூண்டல் என்ற பொருளில்தான் முதலில் பெயர் வைத்தார்கள். அது கீமோகைன் குடும்பத்தைச் சேர்ந்தது என்பது பிறகுதான் தெளிவானது. தான் சமைத்ததைத் தானே உண்டு வளரும் செல் அது.

இன்டர்லியூக்கின்-6 இன்னும் விசித்திரம். தொடக்க நிலை மெலனோமாவிலிருந்து எடுத்த செல்களின் வளர்ச்சியை அது தடுக்கிறது. முற்றிய நிலையிலிருந்து எடுத்த செல்கள் அந்தத் தடைக்குக் கட்டுப்படுவதில்லை. அவற்றில் சில அதைத் தாங்களே சுரந்து தங்கள் வளர்ச்சிக்குப் பயன்படுத்திக்கொள்கின்றன. 1990களின் தொடக்கத்தில் வெளிவந்த கண்டுபிடிப்பு இது. பொருள் மாறவில்லை, கேட்கும் காது மாறிவிட்டது.

டிஜிஎஃப்-பீட்டாவின் கதையும் இதுவே. சாதாரண மெலனோசைட்டை அது அடக்கி வைக்கும். மெலனோமா செல் அந்த அடக்கத்துக்குக் காது கொடுக்காமல், அதே பொருளைத் தானே சுரந்து டி செல்களை அடக்குகிறது. சில டி செல்களை ஒழுங்குபடுத்தும் டி செல்களாகவே மாற்றிவிடுகிறது. அவை மற்ற டி செல்களைத் தடுத்து நிறுத்தும். விஇஜிஎஃப் ரத்தக் குழாயை வளர்ப்பதோடு, எதிரியை அடையாளம் காட்ட வேண்டிய டென்ட்ரிட்டிக் செல்களை முதிரவிடாமலும் தடுக்கிறது. இன்டர்லியூக்கின்-10 சேர்ந்துகொண்டால் அந்த அடையாளம் காட்டும் வேலை இன்னும் மந்தமாகும்.

முற்றிய மெலனோமா செல்கள் வெளித்தூண்டல் எதுவும் இல்லாமலே செயல்படும் நிலையில் இன்டர்லியூக்கின்-1 பீட்டாவைச் சுரப்பதும் தெரியவந்திருக்கிறது. மற்ற செல்கள் இதைச் சுரக்க ஒரு தூண்டுதல் வேண்டும். கட்டியைச் சுற்றி அழற்சி ஏன் ஓயாமல் கனன்றுகொண்டே இருக்கிறது என்பதற்கு இது ஒரு காரணம்.

இதை எல்லாம் அந்தச் செல் திட்டமிட்டா செய்கிறது?

செல்லுக்குத் திட்டம் எதுவும் கிடையாது. மரபணுவில் ஒரு மாற்றம் நேர்கிறது. அதன் பக்கவிளைவாகச் சுரப்பும் மாறுகிறது. அந்த மாற்றம் பிழைக்க உதவினால் அந்தச் செல்லின் வாரிசுகள் பெருகுகின்றன.

தெளிவான உதாரணம் பிராஃப் மரபணு. தோல் மெலனோமாக்களில் ஏறத்தாழ பாதியில் இது பிறழ்ந்திருக்கும். பிறழ்ந்த பிராஃப், வளர்ச்சிக்கான சுவிட்சை எப்போதும் போட்டபடியே வைத்திருக்கும். அதே கம்பி வழியாகத்தான் இன்டர்லியூக்கின்-6, இன்டர்லியூக்கின்-10, விஇஜிஎஃப் ஆகியவற்றின் சுரப்பும் கூடுகிறது. ஆய்வகத்தில் அந்தப் பாதையை அடைத்தால் மூன்றும் குறைகின்றன. 2011இல் அனுமதி பெற்ற வெமுராஃபெனிப் முதலான பிராஃப் தடுப்பு மருந்துகளைத் தொடங்கிய சில நாட்களிலேயே நோயாளிகளின் கட்டிக்குள் டி செல்கள் கூடுவதைப் பார்த்திருக்கிறார்கள். வளர்ச்சியை நிறுத்த எழுதிய மருந்து பேச்சையும் அடைத்துவிட்டது. பின்னர் மருந்துக்குக் கட்டி பழகும்போது அந்த டி செல்களும் குறைகின்றன என்பதையும் சொல்லியாக வேண்டும்.

சில கட்டிகளுக்குள் டி செல்களே இல்லை என்கிறார்களே, அது எப்படி?

பேசாமல் இருப்பதும் ஒரு வழிதான். டி செல்கள் கட்டிக்குள் வர வேண்டுமானால், முதலில் ஒரு குறிப்பிட்ட வகை டென்ட்ரிட்டிக் செல் அங்கே வந்து புற்றின் அடையாளத்தை எடுத்துப் போய்க் காட்ட வேண்டும். அந்த டென்ட்ரிட்டிக் செல்லைக் கூப்பிடும் கீமோகைன்களில் ஒன்று சிசிஎல்4. பீட்டா-கேட்டனின் என்னும் பாதை மிகையாக இயங்கும் மெலனோமாக்களில் இந்தக் கீமோகைன் குறைந்துவிடுகிறது. தாமஸ் கஜெவ்ஸ்கி குழுவினர் 2015இல் இதை விளக்கினார்கள். கூப்பிடக் குரல் இல்லை, வர ஆளும் இல்லை. இப்படிப்பட்டவற்றைக் குளிர்ந்த கட்டிகள் என்பார்கள். இன்றைய இம்யூனோதெரபி மருந்துகள் பெரும்பாலும் ஏற்கெனவே வந்து தடுக்கப்பட்டு நிற்கும் டி செல்களைத்தான் விடுவிக்கின்றன. ஆளே வராத இடத்தில் அவற்றால் அதிகம் செய்ய முடிவதில்லை.

ஒரே மருந்து ஒருவருக்குக் கட்டியைக் கரைத்துவிட்டு இன்னொருவருக்குக் கைவிரிப்பது ஏன் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். நோயாளியின் மனவலிமையோ அவர் செய்த தவறோ இதில் காரணமே இல்லை.

இன்டர்ஃபெரான் காமா நல்லதா கெட்டதா?

டி செல் புற்றுச்செல்லை அடையாளம் கண்டதும் இன்டர்ஃபெரான் காமாவை விடுகிறது. அதைக் கேட்ட மெலனோமா செல் இரண்டு காரியம் செய்யும். ஒன்று, தனக்குள் இருக்கும் புரதத் துண்டுகளை மேற்பரப்பில் இன்னும் அதிகமாகக் காட்டும். டி செல்லுக்கு இது வசதி. இரண்டு, பிடி-எல்1 என்னும் புரதத்தை மேற்பரப்பில் விரிக்கும். அது டி செல்லின் மேலுள்ள பிடி-1 என்னும் பிரேக்கை அழுத்தும். ஒரே செய்தியால் கதவும் திறக்கிறது, பூட்டும் விழுகிறது.

அந்தப் பூட்டைத் திறப்பதுதான் பிடி-1 தடுப்பு மருந்துகளின் வேலை. சில நோயாளிகளில் மருந்து நன்றாக வேலை செய்து, பிறகு கட்டி திரும்ப வரும்போது பார்த்தால், புற்றுச்செல் ஜேக்1 அல்லது ஜேக்2 மரபணுவை இழந்திருக்கிறது. இன்டர்ஃபெரானைக் கேட்கும் காதையே அறுத்துக்கொண்டுவிட்டது என்று பொருள். 2016இல் இது வெளியானது. படிக்கும்போது மனம் கனத்த ஆய்வுகளில் ஒன்று. ஆனால் மருந்து ஏன் தோற்றது என்று பெயர் சொல்லிக் காட்ட முடிந்ததே பெரிய விஷயம்.

பிடி-எல்1 செல்லின் மேலே மட்டும் இருப்பதில்லை. எக்ஸோசோம் என்னும் நுண்ணிய பைகளில் ஏற்றி மெலனோமா செல்கள் அதை ரத்தத்தில் மிதக்கவிடுகின்றன என்று 2018இல் காட்டப்பட்டது. கட்டி ஓரிடத்தில் இருக்க, அதன் தடை வேறோர் இடத்தில் டி செல்லைச் சந்திக்கிறது.

வெயிலுக்கும் இதற்கும் என்ன தொடர்பு? வெயில் டிஎன்ஏவைத்தானே கெடுக்கிறது?

டிஎன்ஏவைக் கெடுப்பது பாதிக் கதை. மீதிப் பாதியை மார்கரெட் கிரிப்கி 1970களில் வெளிக்கொண்டுவந்தார். புற ஊதாக் கதிரால் எலித் தோலில் உண்டான புற்றுக்கட்டிகளை எடுத்து அதே இனத்தின் ஆரோக்கியமான எலிகளில் நட்டால் அவை வளரவில்லை. எலிகளின் நோயெதிர்ப்பு அவற்றைத் தள்ளிவிட்டது. முன்கூட்டியே புற ஊதாக் கதிர் காட்டிய எலிகளில் நட்டபோதோ வளர்ந்தன. கதிர் பட்டுக் கட்டி உண்டாகிறது. அதே கதிர் அந்தக் கட்டியைத் தள்ளும் திறனையும் மழுங்கடிக்கிறது.

கதிர் பட்ட கெரட்டினோசைட்டுகள், நோயெதிர்ப்பை அடக்கும் இன்டர்லியூக்கின்-10, புரோஸ்டாகிளாண்டின் ஈ2 போன்றவற்றைச் சுரக்கின்றன. தோலின் காவலர்களான லாங்கர்ஹான்ஸ் செல்கள் இடத்தைவிட்டுக் கிளம்புகின்றன. வெயிலில் எரிந்த தோல் உரிந்து பெரிய அழற்சியாக ஆகிவிடாமல் இருக்க உடல் எடுக்கும் நியாயமான முன்னேற்பாடு இது என்று பலர் கருதுகிறார்கள். அந்த அமைதி நேரத்தைப் பிறழ்ந்த செல் பயன்படுத்திக்கொள்கிறது.

உள்ளங்கை, உள்ளங்கால், நகத்தடி மெலனோமாக்களில் வெயிலின் பங்கு மிகக் குறைவு என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கருத்த தோல் உள்ளவர்களுக்கு மெலனோமா வந்தால் இந்த இடங்களில்தான் வருவது அதிகம். வெயில் படாத இடம்தானே என்று காலில் இருக்கும் கரும்புள்ளியை விட்டுவிடக் கூடாது.

மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்களுக்குத் தோல் புற்று அதிகம் வருமா?

வரும். புது உறுப்பை உடல் தள்ளாமல் இருக்க டி செல்களைக் காலமெல்லாம் அடக்கி வைக்கும் மருந்துகள் தருகிறார்கள். பொதுவாக அடித்தளச்செல் புற்றுதான் செதிள்செல் புற்றைவிட அதிகம் காணப்படும்; இவர்களிடம் அந்தக் கணக்கு தலைகீழாகிறது. செதிள்செல் புற்றின் அபாயம் 65 மடங்கு என்றும் அதற்கு மேலும் கணக்கிட்டிருக்கிறார்கள். தோல் மருத்துவரிடம் ஒழுங்காகப் போய் உடல் முழுக்கக் காட்டுவது இவர்களுக்கு மருந்து சாப்பிடுவதைப் போலவே முக்கியம். மருந்தைத் தாங்களாகக் குறைக்கக் கூடாது.

புற்று பரவுவதில் இந்தப் பொருட்களுக்குப் பங்கு உண்டா?

உண்டு. காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். நெறி என்பது நிணநீர் முடிச்சு. டென்ட்ரிட்டிக் செல்கள் புண்ணிலிருந்து அங்கே போய்ச் சேருவதற்கு வழிகாட்டும் கீமோகைன்கள் அந்த முடிச்சிலிருந்து வருகின்றன. அவற்றைக் கேட்கும் ஏற்பி சிசிஆர்7. மெலனோமா செல்களும் இதே ஏற்பியை அணிந்துகொள்கின்றன. நெறிக்குப் போகும் பாதை அவற்றுக்கும் திறக்கிறது. தோலே சுரக்கும் ஒரு கீமோகைனுக்கான சிசிஆர்10 ஏற்பியும் மெலனோமா செல்களில் அதிகம் இருப்பதை 2001இல் கண்டார்கள். மெலனோமா தோலின் வேறு இடங்களுக்கே மறுபடி மறுபடி பரவும் பழக்கத்துக்கு இதுவும் ஒரு விளக்கம்.

ரத்தத்தில் சைட்டோகைன் பரிசோதனை செய்தால் மெலனோமாவை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா?

முடியாது. சாதாரணக் காய்ச்சல், பல் ஈறு வீக்கம், மூட்டுவாதம், உடல் பருமன் எல்லாமே இந்த அளவுகளை மாற்றும். மெலனோமாவைக் கண்டுபிடிப்பது கண்ணும், தோலைப் பெரிதாக்கிக் காட்டும் டெர்மாஸ்கோப்பும், திசுவை எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸியும்தான். பரவிய மெலனோமாவின் நிலையைக் கணிக்க ரத்தத்தில் வழக்கமாகப் பார்ப்பது எல்டிஎச் என்னும் நொதியின் அளவை. அது சைட்டோகைன் இல்லை.

இன்டர்லியூக்கின்-8 பற்றி மட்டும் நம்பிக்கை தரும் முடிவுகள் இருக்கின்றன. இம்யூனோதெரபி தொடங்கும் முன் அது உயர்ந்திருந்தவர்களுக்குப் பலன் குறைவாக இருந்தது. பலன் கிடைத்தவர்களில் சிகிச்சை தொடங்கிய சில வாரங்களில் அது இறங்கியது. ஒரு கூட்டத்தை மொத்தமாகப் பார்த்தால் தெரியும் போக்கு இது. உங்கள் கையில் இருக்கும் ஒற்றை எண்ணை வைத்து விதியைக் கணிக்க இது போதாது. தனியார் ஆய்வகத்தில் பணம் கட்டி இப்படி ஒரு நீளப் பட்டியலை எடுத்துவந்து பயந்துபோய் நிற்பவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

கட்டி சுரக்கும் அதே சைட்டோகைனை மருந்தாகவும் கொடுக்கிறார்களா?

கொடுக்கிறார்கள். அழகான உதாரணம் ஜிஎம்-சிஎஸ்எஃப். புற்றுக்கட்டிகள் இதை நீண்ட காலம் சுரக்கும்போது, டி செல்களை அடக்கும் முதிராத வெள்ளை அணுக்கள் எலும்பு மஜ்ஜையிலிருந்து வந்து குவிகின்றன. 1993இல் ஒரு குழு, எலி மெலனோமா செல்களில் இந்தச் சைட்டோகைனின் மரபணுவைப் புகுத்தி, பெருகாதபடி கதிர் காட்டி, தடுப்பூசியாகப் போட்டது. அந்த எலிகளில் பிறகு உயிருள்ள மெலனோமா செல்களைச் செலுத்தியபோது பாதுகாப்பு கிடைத்தது. அந்த வழியில் வந்ததுதான் 2015இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டி-வெக். ஹெர்பிஸ் வைரஸின் நச்சைக் குறைத்து, அதற்குள் ஜிஎம்-சிஎஸ்எஃப் மரபணுவை வைத்து, மெலனோமாக் கட்டிக்குள்ளேயே ஊசியால் செலுத்துவார்கள். வைரஸ் புற்றுச்செல்லை உடைக்கிறது. சிந்தியதைப் பொறுக்க டென்ட்ரிட்டிக் செல்கள் வருகின்றன. இடமும் அளவும் காலமும் மாறியதும் அதே சொல் கட்டிக்கு எதிராகத் திரும்பிவிட்டது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இன்டர்ஃபெரான் ஆல்பா-2பி, அறுவைச் சிகிச்சைக்குப் பின் நோய் திரும்பாமல் தடுக்க 1995இல் அனுமதி பெற்றது. கடும் சோர்வும் மனச்சோர்வும் தந்தது, இன்று பெரும்பாலும் கைவிடப்பட்டுவிட்டது. இன்டர்லியூக்கின்-2 பரவிய மெலனோமாவுக்கு 1998இல் அனுமதி பெற்றது. 270 பேரின் தொகுப்பில் 16 சதவீதம் பேருக்குக் கட்டி சுருங்கியது, 6 சதவீதம் பேருக்கு முழுவதும் மறைந்தது. மறைந்தவர்களில் பலருக்கு அது திரும்பவே இல்லை. சிறிய எண்தான். ஆனால் பரவிய மெலனோமாவும் குணமாகலாம் என்று உலகம் நம்பத் தொடங்கியது அந்த எண்ணிலிருந்து. ரத்தக் குழாய்கள் கசிந்து ரத்த அழுத்தம் விழும் என்பதால் தீவிர கண்காணிப்பில்தான் அதைக் கொடுக்க முடியும். இமிக்விமோட் களிம்பு வேறு வழியில் போகிறது: தடவிய இடத்துச் செல்களையே இன்டர்ஃபெரான் சுரக்க வைக்கிறது. மேலோட்டமான அடித்தளச்செல் புற்றுக்கு அது பயன்படுகிறது.

இன்றைய இம்யூனோதெரபி சைட்டோகைன் சிகிச்சைதானா?

இல்லை. இப்பிலிமுமாப் 2011இலும், பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் இரண்டும் 2014இலும் வந்தன. இவை சைட்டோகைன்கள் அல்ல, டி செல்லின் பிரேக்கை விடுவிக்கும் ஆன்டிபாடிகள். அந்தப் பிரேக்குகளை விடுவித்துப் புற்றுக்குச் சிகிச்சை தரும் வழியைக் கண்டறிந்ததற்காக ஜேம்ஸ் ஆலிசனும் தசுக்கு ஹோன்ஜோவும் 2018இல் நோபல் பரிசு பெற்றார்கள். பரவிய மெலனோமா என்றால் பெரும்பாலோர் ஓராண்டைத் தாண்டாத காலம் ஒன்று இருந்தது. இப்பிலிமுமாபும் நிவோலுமாபும் சேர்த்துக் கொடுத்த பெரிய ஆய்வில் ஐந்தாண்டு முடிவில் 52 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். பத்தாண்டு முடிவில் 43 சதவீதம்.

பிரேக் விடுபட்ட டி செல்கள் சுரக்கும் சைட்டோகைன்கள் குடல், தோல், கல்லீரல், தைராய்டு என்று எங்கு வேண்டுமானாலும் அழற்சியைக் கிளப்பலாம். சிகிச்சையில் இருப்பவருக்கு வயிற்றுப்போக்கு, புதிதாக மூச்சு வாங்குதல், நெஞ்சுவலி, தாங்க முடியாத அசதி எது வந்தாலும் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காமல் அன்றைக்கே சிகிச்சைக் குழுவுக்குச் சொல்ல வேண்டும். சிகிச்சை முடிந்து பல மாதம் கழித்தும் இது வரலாம்.

நோயெதிர்ப்பைக் கூட்டும் மாத்திரை, கஷாயம் எடுத்துக்கொண்டால் உதவுமா?

இதுவரை படித்திருந்தால் பதில் உங்களுக்கே தெரிந்திருக்கும். கூட்ட வேண்டியது எது, இன்டர்லியூக்கின்-8ஐயா, இன்டர்ஃபெரானையா? மொத்தமாகக் கூட்டுவது என்று ஒன்று இல்லை. கல்லீரலைப் பாதித்து, சிகிச்சையையே நிறுத்த வைக்கும் பொருட்களும் இவற்றில் இருக்கின்றன. எதை எடுத்தாலும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

சிகிச்சையின்போது தோலில் வெண்புள்ளிகள் வருகின்றன. பயப்பட வேண்டுமா?

டி செல்கள் மெலனோமாவைத் தேடும்போது, அதே நிறப் புரதங்களை வைத்திருக்கும் ஆரோக்கியமான மெலனோசைட்டையும் தாக்குவதால் வருவது அது. பார்க்கக் கவலையாக இருக்கும். ஆனால் மெலனோமா நோயாளிகளில் இது வந்தவர்களுக்குச் சிகிச்சையின் பலன் கூடுதலாக இருப்பதாகப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வராவிட்டால் மருந்து வேலை செய்யவில்லை என்று பொருள் கொள்ள வேண்டாம்.

ஒரு மச்சம் தானாக வெளிறிக் கரைந்துபோகிறது. உடலே அதைச் சரிசெய்துவிட்டது என்று விட்டுவிடலாமா?

விட்டுவிடாதீர்கள். சிறுவர்களுக்கும் இளைஞர்களுக்கும் சாதாரண மச்சத்தைச் சுற்றி வெள்ளை வளையம் விழுந்து, மச்சம் மெல்ல மறைவது உண்டு. டி செல்கள் அந்த மச்சத்தைத் தாக்குவதால் வருவது அது, பெரும்பாலும் தீங்கில்லை. நடுத்தர வயதுக்கு மேல் புதிதாக அப்படி வந்தால் கட்டாயம் காட்ட வேண்டும். ஏனென்றால் மெலனோமாவையும் நோயெதிர்ப்பு மண்டலம் தோலில் பகுதியாகவோ முழுவதுமாகவோ அழிப்பது உண்டு. மெலனோமாக்களில் ஏறத்தாழ 3 சதவீதத்தில், நோய் நிணநீர் முடிச்சிலோ வேறு உறுப்பிலோதான் முதலில் தெரியவருகிறது. தோலில் எங்கே தொடங்கியது என்று தேடினாலும் அகப்படாது. தோலில் இருந்தது அழிந்தது, அதற்கு முன்பே கிளம்பியவை தப்பித்துவிட்டன.

மருத்துவரிடம் போகும்போது அந்த இடத்தில் முன்பு என்ன நிறத்தில், எவ்வளவு பெரிய மச்சம் இருந்தது, எப்போது மங்கத் தொடங்கியது என்று சொல்லுங்கள். பழைய புகைப்படம் ஏதாவதில் அது தெரிந்தால் எடுத்துப் போங்கள். அக்குளிலோ தொடையிடுக்கிலோ வலியில்லாத நெறி தட்டுப்பட்டால் அதையும் தொட்டுக் காட்டுங்கள்.